துருவுக்கும் ஒரு விலை: பெராரி முதல் மொறிஸ் மைனர் வரை

இறக்காமத்தில் என் மாமாவின் வளவுக்குள், கிடுகுக் கொட்டிலின் கீழே, ஒரு மொறிஸ் மைனர் கார் நீண்ட காலமாக நிற்கிறது. டயர்கள் மண்ணுக்குள் இறங்கிவிட்டன. பின்னாசனத்தில் கோழி அடைவைத்த காலமும் உண்டு. பழைய இரும்புக்காரர்கள் இரண்டொரு முறை வந்து நிறை பார்த்து விலை சொன்னார்கள். மாமா கொடுக்கவில்லை.

கடந்த சில வருடங்களாக வருகிறவர்கள் வேறு மாதிரியானவர்கள். கொழும்பிலிருந்தும் கண்டியிலிருந்தும் தொலைபேசியில் பேசுகிறார்கள், படம் கேட்கிறார்கள். அவர்கள் சொல்லும் தொகையைக் கேட்டால், அந்தக் காரை இரும்பாக மட்டுமே பார்த்துப் பழகிய எங்களுக்கு வியப்பாக இருக்கிறது. எல்லோரும் முதலில் கேட்பது ஒரே கேள்வி. இன்ஜின் ஓடுமா என்பதல்ல அது. “புத்தகம் இருக்கிறதா?” என்பதுதான்.

அந்தக் கேள்விக்குப் பதில் தேடியபோதுதான், துருப்பிடித்த ஒரு காருக்கு ஏன் விலை ஏறுகிறது, அதைத் திருத்தி எடுக்க ஏன் அவ்வளவு செலவாகிறது, போரை வாழ்ந்து கடந்த நம் குடும்பங்களுக்கு அந்த விலையில் எவ்வளவு உண்மையில் கிடைக்கும் என்பவற்றை விளங்கிக்கொள்ள வேண்டியிருந்தது. இந்தக் கதை இத்தாலியில் தொடங்குகிறது.

36 கார்கள்

இத்தாலியின் மரனெல்லோ என்ற சிறு நகரத்தில் பெராரி நிறுவனம் 1962 தொடக்கம் 1964 வரை 250 ஜிடிஓ என்ற பந்தயக் காரைத் தயாரித்தது. மொத்தம் 36 கார்கள்தான். அமெரிக்காவில் அன்று அதன் விலை ஏறத்தாழ 18,000 டொலர். சில பந்தயங்களுக்குப் பின்னர் அவை வெறும் பழைய பந்தயக் கார்களாகி, சாதாரண விலைக்குக் கைமாறின.

2018 ஓகஸ்டில் அவற்றில் ஒன்று கலிபோர்னியாவில் நடந்த ஏலத்தில் 48.4 மில்லியன் டொலருக்கு விற்கப்பட்டது. 2023 நவம்பரில் நியூயோர்க்கில் இன்னொன்று 51.7 மில்லியன் டொலருக்குப் போனது. இரும்பும் அலுமினியமும் சேர்ந்த ஒரு பொருளுக்கு இந்த விலை எங்கிருந்து வருகிறது?

முதற்காரணம் எண்ணிக்கை. 37ஆவது கார் இனி ஒருபோதும் வராது. விரும்புகிறவர்கள் கூடக்கூட விலை மட்டும்தான் கூட முடியும்.

இரண்டாவது காரணம் அசல் தன்மை. காரின் சட்டத்தில், அதாவது சேசியில், பொறிக்கப்பட்ட எண்ணும் இன்ஜினில் உள்ள எண்ணும் தொழிற்சாலைப் பதிவேட்டோடு பொருந்த வேண்டும். இன்ஜின் மாற்றப்பட்டிருந்தால் கார் எவ்வளவு அழகாக இருந்தாலும் விலை இறங்கிவிடும். இதைச் சரிபார்த்துச் சான்றிதழ் கொடுப்பதற்கென்றே பெராரி தனிப் பிரிவொன்றை நடத்துகிறது.

மூன்றாவது காரணம் வரலாறு. தொழிற்சாலையை விட்டு வெளியேறிய நாளிலிருந்து இன்றுவரை அது யார் யாரிடம் இருந்தது, எந்தப் பந்தயத்தில் ஓடியது, எங்கே அடிபட்டது, யார் திருத்தியது என்ற சங்கிலி அறுபடாமல் இருக்க வேண்டும். ஏலக்காரர்கள் காரோடு ஒரு கோப்பையும் சேர்த்தே விற்கிறார்கள். அந்தக் கோப்பு இல்லாத காருக்கு, கோப்பு உள்ள காரின் விலை கிடைக்காது.

இந்த விலைகள் எப்போதும் ஏறிக்கொண்டே இருப்பவையும் அல்ல. நிறுவனத்தைத் தொடங்கிய என்சோ பெராரி 1988 ஓகஸ்டில் இறந்தார். அதையொட்டி அவருடைய கார்களின் விலை வெறிபிடித்தது போல ஏறியது. காரை ஒருபோதும் ஓட்டாதவர்கள்கூடக் கடன் எடுத்து வாங்கினார்கள். 1990களின் தொடக்கத்தில் அந்தச் சந்தை உடைந்தது. உச்சவிலைக்கு வாங்கியவர்கள் பலர், பாதிக்கும் குறைவான விலைக்கு விற்க நேர்ந்தது. பழைய கார் தங்கம் மாதிரி என்று யாராவது சொன்னால் இந்தக் கதையையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

நம் சாலைகளின் பழையவை

இலங்கையில் பழைய பெராரிக்காக யாரும் கொட்டிலைத் தேடி வரமாட்டார்கள். இத்தாலிக்கும் நமக்கும் உள்ள உறவு பியட்டோடு நின்றுவிட்டது. 1970களில் உபாலி விஜேவர்தனவின் நிறுவனம் இங்கேயே பியட் கார்களைப் பொருத்தி விற்றது. பக்கத்தில் பம்பாயில், பியட் 1100 காரின் வழிவந்த பிரீமியர் பத்மினி பல பத்தாண்டுகள் டாக்சியாக ஓடி, 2023 ஒக்டோபரில்தான் அந்தச் சேவையிலிருந்து விடைபெற்றது.

நம் வளவுகளில் நிற்பவை பெரும்பாலும் பிரித்தானியக் கார்கள். ஒஸ்டின் ஏ40, ஒஸ்டின் கேம்பிரிஜ், மொறிஸ் ஒக்ஸ்போர்ட், மொறிஸ் மைனர். இவற்றில் மொறிஸ் மைனர் 1948இல் வெளிவந்தது. பத்து இலட்சம் என்ற எண்ணிக்கையைத் தாண்டிய முதல் பிரித்தானியக் கார் அதுதான். 36 பேரிடம் மட்டும் இருந்த கார் அல்ல அது. ஆசிரியர்களும் தபாலதிபர்களும் வைத்தியர்களும் ஓட்டியது.

பத்து இலட்சத்துக்கு மேல் செய்யப்பட்ட காருக்கு ஏன் விலை ஏற வேண்டும்? இங்கே வேலை செய்தது வேறு காரணங்கள். 2020 மார்ச்சில் அரசாங்கம் வாகன இறக்குமதியை நிறுத்தியது. 2022இல் நாடு கடனைக் கட்ட முடியாத நிலைக்கு வந்தது. மார்ச் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் இருந்த டொலர், மே மாதத்தில் 360 ரூபா அளவுக்குப் போனது. தனியார் வாகன இறக்குமதி மீண்டும் திறக்கப்பட்டது 2025 பெப்ரவரியில்தான். ஏறக்குறைய ஐந்து வருடங்கள், நாட்டில் ஏற்கெனவே இருந்த வாகனங்களே மீண்டும் மீண்டும் கைமாறின. பத்து வருடம் ஓடிய ஜப்பான் கார், வாங்கிய விலையைவிடக் கூடிய விலைக்குப் போன அதிசயத்தை எல்லோரும் பார்த்தோம். அந்த அலை பழைய கார்களையும் தூக்கிவிட்டது. ரூபாவில் சேமித்தால் கரையும், பொருளாக வைத்திருந்தால் நிற்கும் என்ற பயமும் அதோடு சேர்ந்துகொண்டது.

இலக்கத் தகட்டின் அரசியல்

நம் நாட்டில் பழைய காரின் விலையோடு இன்னொன்றும் ஒட்டியிருக்கிறது. அதுதான் இலக்கத் தகடு. சிலோன் என்ற ஆங்கிலப் பெயரின் எழுத்துகளிலிருந்து எடுத்த ஈஎல், ஈஎன், ஈவை போன்ற எழுத்துகள் கொண்ட தகடுகள் முதலில் இருந்தன. அதன் பின் சிங்கள ‘ஸ்ரீ’ எழுத்துடன் கூடிய தகடுகள் வந்தன. சேகரிப்பாளர்கள் இன்று ‘1 ஸ்ரீ’ என்று தொடங்கும் இலக்கங்களை விரும்பித் தேடுகிறார்கள்.

வயதானவர்களுக்கு இந்த எழுத்து வேறொன்றை நினைவுபடுத்தும். சிங்களம் மட்டும் சட்டத்தின் சூடு தணிவதற்குள், 1957இல், வாகனத் தகடுகளில் சிங்கள ‘ஸ்ரீ’ கட்டாயமானது. தமிழரசுக் கட்சி ‘ஸ்ரீ’ எதிர்ப்புப் போராட்டத்தைத் தொடங்கியது. சிங்கள எழுத்தைத் தார் பூசி அழித்து, தமிழ் ‘ஸ்ரீ’யை எழுதிக்கொண்டு வாகனங்கள் ஓடின. 1958இல் அந்தச் சிங்கள எழுத்துடன் பஸ்கள் வடக்குக்கு அனுப்பப்பட்டபோது போராட்டம் மீண்டும் வெடித்தது. அதே வருடம் ஏப்ரலில் பண்டா–செல்வா ஒப்பந்தம் கிழித்தெறியப்பட்டது. மே மாதத்தில் இனக்கலவரம். அன்று தார் பூசப்பட்ட எழுத்துக்கு இன்று சந்தையில் தனி மதிப்பு இருக்கிறது. சந்தைக்கு அந்த நினைவு தேவையில்லை. நமக்கு அது தெரிந்திருப்பது நல்லது.

இன்ஜினுக்குள் இருக்கும் போர்

1990 ஜூனில் போர் மீண்டும் தொடங்கியதும் வடக்கின் மீது பொருளாதாரத் தடை விழுந்தது. பெற்றோல், பற்றரி, உதிரிப்பாகம் எல்லாம் தடைப்பட்டன. புதிய வாகனங்கள் நின்றுபோயின. ஓடியவை ஏ40களும் மொறிஸ் மைனர்களும்தான். சிறு போத்தலில் பத்திரமாக வைத்திருந்த பெற்றோலைச் சில சொட்டு காபிரேட்டருக்குள் விட்டு இன்ஜினை இயக்கி, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றினார்கள். நோயாளியும் பிணமும் மணமக்களும் அந்தக் கார்களில்தான் போனார்கள்.

இது எப்படி முடிந்தது? பழைய ஒஸ்டின் இன்ஜின், உள்ளே வரும் காற்றையும் எரிபொருளையும் ஏறத்தாழ ஏழுக்கு ஒன்று என்ற அளவில்தான் அமுக்குகிறது. இன்றைய கார்களில் இது பத்துக்கும் மேல். குறைவாக அமுக்கும் இன்ஜின், தரம் குறைந்த எரிபொருளையும் பெரிதாக முட்டாமல் எரித்துவிடும். ஆனால் மண்ணெண்ணெய் குளிரில் இலகுவில் ஆவியாகாது. அதனால்தான் தொடங்குவதற்குப் பெற்றோல் வேண்டியிருந்தது. 1940களில் பிரித்தானியாவின் பெர்குசன் உழவு இயந்திரங்களிலும் இதே முறை இருந்தது: தொடங்கப் பெற்றோல், வேலைக்கு மண்ணெண்ணெய் போன்ற மலிவான எண்ணெய். அங்கே அதைத் தொழிற்சாலை வடிவமைத்தது. இங்கே கராஜ்காரர்கள் தடையின் நடுவே தாங்களே செய்து முடித்தார்கள்.

அதன் தழும்பு இன்ஜினுக்குள் இருக்கிறது. எரியாமல் மிஞ்சிய மண்ணெண்ணெய் பிஸ்டன் ஓரமாக வழிந்து கீழே உள்ள ஒயிலோடு கலக்கும். ஒயில் நீர்த்துப்போனால் பெயரிங்குகளும் சிலிண்டர் சுவர்களும் தேயும். வால்வுகளில் கரி படியும். அந்தக் காலத்தில் வடக்கில் ஓடிய காரை இன்று வாங்குகிறவர், இன்ஜினை முழுமையாகக் கழற்றிப் பார்க்காமல் செலவைக் கணக்கிட முடியாது.

கிழக்கின் கதை வேறு. கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனைக் கரைகளில் உப்புக் காற்று இரும்பைத் தின்னும். 2004 டிசம்பர் 26இல் சுனாமி நீர் உள்ளே புகுந்த வாகனங்களில், கழுவித் துடைத்த பின்னரும், கதவின் அடிப்பகுதியிலும் தரைத் தகட்டின் மடிப்புகளிலும் உப்பு தங்கியது. வெளியே பூச்சு பளபளக்கும், உள்ளே தகடு கடதாசி போல இருக்கும். இறக்காமம் கடலிலிருந்து உள்ளே, வயல்களுக்கும் குளத்துக்கும் நடுவே இருப்பதால் மாமாவின் கார் ஓரளவு தப்பியிருக்கிறது. உப்புக் குறைவு, மண் ஈரம் கூட.

திருத்தும் செலவு எங்கே போகிறது

பழைய காரை வாங்குவது செலவின் தொடக்கம் மட்டுமே. திருத்தும் செலவு காரின் விலையைத் தாண்டுவது இத்தாலியிலும் நடக்கிறது, அக்கரைப்பற்றிலும் நடக்கிறது.

மிகப்பெரிய பங்கு பொடி வேலைக்கு, அதாவது டிங்கரிங்குக்கு. மொறிஸ் மைனரில் தரைத் தகடும் பொடியும் ஒன்றாகவே பாரத்தைத் தாங்குகின்றன. தரைத் தகடு உக்கினால் கார் முதுகெலும்பை இழக்கிறது. துருவை வெட்டி எடுத்து, அளவாகத் தகடு மடித்து, வெல்டிங் செய்து, தட்டிச் சமப்படுத்துவது இயந்திர வேலையல்ல, கை வேலை. வெட்ட வெட்டத்தான் துருவின் உண்மையான அளவு தெரியும். அதனால் நேர்மையான டிங்கர் முதல் நாளே முழுத் தொகை சொல்லமாட்டார். சொன்னால், ஒன்றில் அவருக்கு நட்டம், அல்லது உக்கிய இடத்தில் பட்டி தடவி மூடிவிடுவார்.

இரண்டாவது இன்ஜின். சிலிண்டரைக் குடைந்து அளவு கூட்டி, அதற்கேற்ற பிஸ்டனும் ரிங்கும் போட வேண்டும். கிராங் தண்டைக் கடைந்து பெயரிங் மாற்ற வேண்டும். பழைய இன்ஜின்கள் ஈயம் கலந்த பெற்றோலுக்காகச் செய்யப்பட்டவை. இன்றைய ஈயமற்ற பெற்றோலில் வால்வு இருக்கைகள் விரைவாகத் தேயக்கூடும் என்பதால் கடினமான இருக்கைகளைப் பொருத்துவது நல்லது.

மூன்றாவது, கண்ணுக்குத் தெரியாத சின்னச் சாமான்கள். பிரேக் சிலிண்டர் இறப்பர்கள், கண்ணாடி ஓர இறப்பர், வயரிங், மணிக்கூடு, குரோம் பூச்சு. ஒவ்வொன்றும் சிறு தொகை. கூட்டிப் பார்த்தால் இன்ஜின் செலவுக்குச் சமமாக வந்து நிற்கும்.

உதிரிப்பாகங்களில் பெரும்பகுதி பிரித்தானியாவிலிருந்து பவுணில் வாங்கப்படுகிறது. ரூபா வீழ்ந்தபோது அதே இறப்பரின் விலை ஒன்றரை மடங்கைத் தாண்டியது. இதிலுள்ள வேடிக்கை என்னவென்றால், மொறிஸ் மைனரின் பொடித் தகடுகளை உலகத்துக்குச் செய்து கொடுத்த நாடுகளில் இலங்கையும் ஒன்று. 1990களின் தொடக்கத்தில், இங்கிலாந்தின் பாத் நகரில் மொறிஸ் மைனர் திருத்தும் நிலையத்தை நடத்திய சார்ள்ஸ் வெயார் இலங்கையர் ஒருவருடன் கூட்டுச் சேர்ந்து, இங்கேயே உதிரிப்பாகத் தொழிற்சாலையொன்றைத் தொடங்கினார். பழையதைத் தூக்கியெறியாமல் திருத்தி ஓட்டும் நம் கைத்திறன் ஏற்றுமதிச் சரக்கானது.

அந்தக் கைத்திறன்தான் இப்போது குறைந்து வருகிறது. தகடு தட்டத் தெரிந்தவர்களுக்கு வயதாகிறது. தொழில் பழக வேண்டிய பொடியன்மார் கட்டார், சவூதி என்று போகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆள் குறையக் குறையக் கூலி ஏறும். திருத்தும் செலவு உயர்வதற்கு டொலர் மட்டும் காரணமல்ல.

புத்தகம் யாருடைய பெயரில்?

இனி அந்த முதற்கேள்விக்கு வருவோம். மாமாவிடம் புத்தகம் இருக்கிறது. ஆனால் அதில் மாமாவின் பெயர் இல்லை. 1980களில் அவர் இந்தக் காரை அயலூர்த் தமிழர் ஒருவரிடமிருந்து வாங்கினார். அந்தக் காலத்தில் எல்லோரும் செய்தது போல ‘ஓப்பன் பேப்பர்’: விற்றவர் கையொப்பம் வைத்துக் கொடுப்பார், வாங்கியவர் வசதிப்படும்போது மாற்றிக்கொள்வார். தெரிந்த மனிதர், ஒரே வட்டையில் பக்கத்துப் பக்கத்து வயல். அவசரம் இல்லை. பின்னர் 1990 வந்தது. இரண்டு ஊர்களுக்கும் இடையிலான போக்குவரத்தும் பேச்சும் அறுந்தன. அந்தக் கடதாசி எங்கே போனது என்று மாமாவுக்கும் தெரியாது. அந்த மனிதர் எங்கே போனார் என்றும் தெரியாது.

மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் பதிவேட்டில் இன்றும் அவர்தான் சொந்தக்காரர். உரிமை மாற்றத்துக்கு அவருடைய கையொப்பம் வேண்டும். அவர் இறந்திருந்தால் வாரிசுகளின் ஆவணங்கள் வேண்டும். பெராரிக்கு உரிமையாளர் சங்கிலி மில்லியன் டொலர்களைக் கூட்டுகிறது. இங்கே ஒரு பெயர் அறுந்ததால், முழுக் காரையும் உதிரிப்பாக விலைக்குக் கேட்கிறார்கள்.

இது மாமாவின் பிரச்சினை மட்டுமல்ல. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பங்கள் வாகனங்களையும் ஆவணங்களையும் விட்டுவிட்டே வந்தன. 2009இல் முள்ளிவாய்க்காலில் கைவிடப்பட்ட உழவு இயந்திரங்களும் மோட்டார் சைக்கிள்களும் துருப்பிடித்துக் குவிந்து கிடந்த படங்களை நாம் பார்த்திருக்கிறோம். புத்தகம் ஒருவரிடமும் வாகனம் இன்னொருவரிடமும் பெயர் காணாமற்போன மூன்றாமவரிடமும் இருக்கும் நிலை, போர் நடந்த எல்லா மாவட்டங்களுக்கும் பொதுவானது.

பதிவு பெற்ற சொந்தக்காரர் காணாமலாக்கப்பட்டவராக இருந்தால், குடும்பம் மரணச் சான்றிதழ் எடுத்தே ஆக வேண்டும் என்பதில்லை. மரணங்களைப் பதிவு செய்தல் தொடர்பான 2010ஆம் ஆண்டுத் தற்காலிக ஏற்பாடுகள் சட்டம் 2016இல் திருத்தப்பட்டு, காணாமற்போனமைக்கான சான்றிதழ் அறிமுகமானது. பிள்ளை இறந்துவிட்டான் என்று ஒப்புக்கொள்ளாமலே, அவனுடைய சொத்துகளைப் பராமரிப்பது போன்ற காரியங்களுக்கு அதைப் பயன்படுத்தலாம். பிள்ளையின் பெயரில் உள்ள வாகனத்தை விற்பதற்காக மரணச் சான்றிதழில் கையொப்பமிட எந்தத் தாயையும் யாரும் அவசரப்படுத்தக் கூடாது. வாகன விடயத்தில் அந்தச் சான்றிதழை எப்படிப் பயன்படுத்தலாம் என்பதைச் சட்ட உதவி பெற்று உறுதிப்படுத்திக்கொள்வது நல்லது.

விற்கும் முன்

வளவில் பழைய வாகனம் வைத்திருப்பவர்கள் செய்ய வேண்டியவை சில உண்டு. புத்தகத்தில் உள்ள சேசி எண்ணையும் இன்ஜின் எண்ணையும் வாகனத்தில் உள்ளவற்றோடு ஒப்பிட்டுப் பாருங்கள். நம் நாட்டில் பல மொறிஸ், ஒஸ்டின் கார்களுக்குப் பிற்காலத்தில் ஜப்பானிய இன்ஜின் போட்டிருக்கிறார்கள். அது பதியப்படாவிட்டால் விற்கும் நாளில் சிக்கல் வரும். கழற்றி வைத்த பழைய இன்ஜினை இரும்புக்குப் போடாதீர்கள். அது இருந்தால் காரின் பெறுமதி கூடும். சேசி எண் உள்ள தகட்டைச் சுரண்டவோ பூச்சடிக்கவோ வேண்டாம். பழைய இலக்கத் தகடு, வரிப் பத்திரங்கள், அந்தக் காருடன் எடுத்த குடும்பப் படங்கள் எல்லாவற்றையும் ஒரே உறையில் சேர்த்து வையுங்கள். புத்தகத்தை மட்டும் தனியே விலைக்குக் கேட்பவர்களுக்குக் கொடுக்காதீர்கள். அந்தப் புத்தகம் வேறொரு வாகனத்தின் மேல் ஏறி ஓடினால், பதில் சொல்ல வேண்டியவர் புத்தகத்தில் பெயர் உள்ளவரே.

திருத்தி விற்று இலாபம் பார்க்கலாம் என்று கடன் எடுப்பதற்கு முன், முழுச் செலவையும் கணக்கிட்டு, அதோடு இன்னொரு பாதியைக் கூட்டிப் பாருங்கள். இறக்குமதி திறந்துவிட்டதால் ஐந்து வருடப் பஞ்ச விலை அப்படியே நிற்கும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. காரில் ஆசை இருந்தால் திருத்துங்கள். இலாபம் மட்டும் நோக்கம் என்றால் வேறு வழி பார்ப்பதே நல்லது.

மாமா அந்த மனிதரின் பெயரை ஒரு கடதாசியில் எழுதி என்னிடம் தந்திருக்கிறார். ஊர், தகப்பனின் பெயர், வயல் இருந்த வட்டை எல்லாம் அதில் இருக்கிறது. இரண்டு முறை அந்த ஊருக்குப் போய் விசாரித்தோம். குடும்பம் வெளிநாடு போய்விட்டது என்று ஒருவர் சொன்னார், மட்டக்களப்பில் இருக்கிறார்கள் என்று இன்னொருவர் சொன்னார். அடுத்த போகம் வெட்டி முடிந்ததும் மட்டக்களப்புக்குப் போவதாக இருக்கிறோம். கையொப்பம் கிடைத்தால் காரை விற்பீர்களா என்று மாமாவிடம் கேட்டேன். முதலில் மனிசனைக் காணுவோம், கார் எங்கேயும் ஓடிப் போகாது என்றார்.